விலகும் வலிமை இல்லாத சந்தா

ஆய்விதழ்களின் சந்தா பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அதனால் ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் பல்கலைக்கழக நூலகங்களுக்குக் கணக்குப் பார்க்கும் காலம். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் விலைப்பட்டியல் டாலரில் வரும். நூலகத்துக்கு ஒதுக்கிய நிதி ரூபாயில் இருக்கும். 2010இல் ஒரு டாலருக்கு 45 ரூபாய் அளவில் கொடுத்தோம். 2024 முடிவில் அது 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆண்டுச் சந்தா 1,000 டாலர் உள்ள ஓர் இதழை எடுத்துக்கொள்வோம். பதிப்பகம் விலையில் கைவைக்கவே இல்லை என்றாலும், அன்று 45,000 ரூபாய்க்குக் கிடைத்த இதழுக்கு 2024 முடிவில் 85,000 ரூபாய் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றிக்கொண்டே வந்திருந்தால் பதினான்கு ஆண்டுகளில் டாலர் விலையே ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது; ரூபாய்க் கணக்கில் 1,68,000. இதழ் அதேதான், ஆண்டுக்கு வரும் வெளியீடுகளும் அத்தனைதான். அரசு நிதியை நம்பி நடக்கும் நூலகம் எதுவும் இந்த ஏற்றத்தோடு ஓடி ஈடுகட்ட முடியாது.

இதற்குச் சொல்லப்படும் தீர்வுகள் வழக்கமாக இரண்டு. நூலகங்களுக்குக் கூடுதல் நிதி தர வேண்டும் என்பது ஒன்று. தனித்தனியாக வாங்காமல் ஒன்றுசேர்ந்து வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் தேவைதான். இவற்றால் ஆய்வாளரின் படிப்பு தடைபடாமல் இருக்கும். ஆனால், இவற்றால் மட்டும் விலை கட்டுக்குள் வராது என்பதையே முப்பது ஆண்டு அனுபவம் காட்டுகிறது. ‘இந்த விலைக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வரக்கூடியவரிடம்தான் விற்பவர் இறங்கிப் பேசுகிறார். அப்படி எழுந்து வரும் வலிமையை நூலகங்கள் எங்கிருந்து பெறுவது என்பதே இந்த விவகாரத்தின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன்.

ஆய்விதழ்ச் சந்தை மற்றச் சந்தைகளைப் போன்றதல்ல. ஒரு கடையில் அரிசி விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். புற்றுநோய் மருந்து பற்றிய ஒரு கட்டுரை ஓர் இதழில் வந்திருந்தால் அது அந்த இதழில் மட்டும்தான் இருக்கும். விலை குறைந்த வேறோர் இதழை வாங்கி அதற்குப் பதிலாகப் படிக்க முடியாது. படிப்பவர் பேராசிரியர், பணம் கட்டுபவர் நூலகர். எனவே விலையின் சூடு படிப்பவரின் கையில் படுவதில்லை. கட்டுரையை எழுதுபவருக்கு ஊதியம் பதிப்பகத்திலிருந்து வருவதில்லை. அதைப் படித்துத் தரம் பார்த்துச் சொல்லும் சக அறிஞர்களும் பெரும்பாலும் ஊதியமின்றியே அந்த வேலையைச் செய்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் சம்பளத்தில், பெரும்பாலும் மக்களின் வரிப்பணத்தில், விளைந்த பொருளை அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் மறுபடி விலை கொடுத்து வாங்குகிறது. இத்தகைய சந்தையில் லாபம் எவ்வளவு இருக்கும் என்பதற்குப் பொதுவெளியில் உள்ள கணக்கே போதும். எல்சவியர் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ் 2019ஆம் ஆண்டறிக்கையில் தன் அறிவியல், மருத்துவப் பதிப்புப் பிரிவின் வருவாய் 263.7 கோடி பவுண்டு என்றும், செயல்பாட்டு லாபம் 98.2 கோடி பவுண்டு என்றும் காட்டியிருக்கிறது. நூறு ரூபாய் வருவாயில் 37 ரூபாய் லாபம்.

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுகள் அறிவியலுக்குப் பணத்தைக் கொட்டியபோது, அதுவரை பெரும்பாலும் அறிவியல் சங்கங்களின் கையில் இருந்த இதழ் வெளியீடு வணிகமாகும் என்பதை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் பெர்கமான் பதிப்பகத்தின் ராபர்ட் மேக்ஸ்வெல். புதிய துறை ஒன்று முளைத்தால் அதற்கு ஓர் இதழைத் தொடங்குவார். நூலகங்கள் அதை வாங்கியே தீரும். அந்தப் பெர்கமானை 1991இல் எல்சவியர் வாங்கியது. இப்படி ஒன்றை ஒன்று விழுங்கியதன் விளைவை மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்: முதல் ஐந்து பதிப்பகங்களின் பங்கு 1973இல் மொத்தக் கட்டுரைகளில் 20 சதவீத அளவில் இருந்தது; 2013இல் பாதியைத் தாண்டிவிட்டது. சமூக அறிவியலில் இது 70 சதவீதம்.

இணையம் வந்ததும் விலை குறையும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அச்சுக்கூலி இல்லை, தாள் இல்லை, கப்பல் கட்டணம் இல்லை. நடந்தது வேறு. 1996இல் அகாடமிக் பிரஸ் தன் இதழ்கள் அனைத்தையும் ஒரே கட்டாகக் கொடுக்கும் முறையைத் தொடங்கியது. மற்றப் பதிப்பகங்களும் பின்தொடர்ந்தன. நூலகம் அதுவரை அச்சிதழ்களுக்குக் கட்டிவந்த தொகையை அடிப்படையாக வைத்து, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் பதிப்பகத்தின் எல்லா இதழ்களும் திரையில் கிடைக்கும். ஆனால், மூட்டையைப் பிரிக்க முடியாது. ஆண்டுதோறும் இவ்வளவு சதவீதம் ஏற்றம் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலகங்களின் இயக்குநராக இருந்த கென்னத் ஃப்ரேசியர் 2001இலேயே இதற்குப் ‘பிக் டீல்’ என்று பெயர் வைத்து, இதில் கையெழுத்திட வேண்டாம் என்று சக நூலகர்களை எச்சரித்தார். அவர் அஞ்சியபடியே ஆனது. நிதி சுருங்கும்போது நூலகர் எதை வெட்டுவார்? மூட்டையைப் பிரிக்க முடியாது. வெட்டக்கூடியவை தனியாக வாங்கும் சிறிய சங்கங்களின் இதழ்களும் புத்தகங்களும்தாம். வரலாறும் மொழியியலும் மெய்யியலும் படிப்பவர்களுக்கான புத்தக நிதி வேதியியல் இதழ்களின் சந்தாவில் கரைந்தது. பணக்காரப் பல்கலைக்கழகங்களும் தப்பவில்லை. 2012 ஏப்ரலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஆலோசனைக் குழு, பெரிய பதிப்பகங்களின் இதழ்களுக்குத் தாங்கள் கட்டும் தொகை ஆண்டுக்கு 37.5 லட்சம் டாலரை நெருங்கிவிட்டது, இரண்டு நிறுவனங்களின் இணைய இதழ் விலை ஆறு ஆண்டுகளில் 145 சதவீதம் ஏறிவிட்டது, இனித் தாங்காது என்று வெளிப்படையாக எழுதியது.

பேரத்தை இன்னும் கடினமாக்கியது ரகசியம். பக்கத்துப் பல்கலைக்கழகம் என்ன விலைக்கு வாங்கியது என்பதை நூலகர் கேட்டறிய முடியாதபடி ஒப்பந்தங்களில் ரகசியக் காப்பு விதிகள் சேர்க்கப்பட்டன. டெட் பெர்க்ஸ்ட்ராமும் சக பொருளியலாளர்களும் அமெரிக்க மாநிலங்களின் தகவல் அறியும் சட்டங்களைப் பயன்படுத்தி இந்த ஒப்பந்தங்களைப் பெற்று 2014இல் வெளியிட்டார்கள். 2009இல் எல்சவியர் தொகுப்புக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் கட்டியது 21.6 லட்சம் டாலர். அளவில் அதற்கு ஒப்பான விஸ்கான்சின் கட்டியது 12.2 லட்சம் டாலர். பொருளின் அடக்க விலையைக் கொண்டு இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. வாங்குபவரால் எவ்வளவு தாங்க முடியும் என்று பார்த்து வைத்த விலை அது.

இணையத்தால் நேர்ந்த இன்னொரு இழப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. பழைய பல்கலைக்கழக நூலகம் எதிலும் பழைய இதழ்களின் பகுதிக்குப் போனால், ஆண்டுவாரியாகப் பைண்டு செய்து, முதுகில் பொன்னெழுத்தில் இதழின் பெயரும் தொகுதி எண்ணும் பொறித்த கனத்த தொகுதிகள் வரிசையாக நிற்கும். சந்தா 1995இல் நின்றுபோயிருக்கலாம். 1995 வரை வந்தவை அங்கேயே இருக்கும். தூசி தட்டி எடுத்துப் படிக்கலாம், யாரும் தடுக்க முடியாது. இணையச் சந்தா அப்படியல்ல. பழைய ஆண்டுகளுக்கான நிரந்தர உரிமையை ஒப்பந்தத்தில் தனியாகக் கேட்டு வாங்காவிட்டால், புதுப்பிக்காத மறுநாள் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியை அந்தத் தளம் அடையாளம் கண்டுகொள்ளாது. கட்டுரையின் சுருக்கம் மட்டும் தெரியும். கீழே பூட்டுப் படமும், ஒரு கட்டுரைக்கு 30 டாலர், 40 டாலர் என்ற விலையும் இருக்கும். பத்து ஆண்டுகள் பணம் கட்டியதற்கு அடையாளமாக அலமாரியில் ஒன்றும் மிஞ்சாது. வாங்குதல் வாடகையாகிவிட்டது. வாடகை வீட்டுக்காரரால் எவ்வளவு பேரம் பேச முடியும்?

அப்படியும் சிலர் எழுந்து வந்தார்கள். ஜெர்மனியில் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் ‘டீல்’ என்ற பொதுத் திட்டத்தின் கீழ் ஒன்றுசேர்ந்து எல்சவியருடன் பேசின. பேச்சு முறிந்ததும் சுமார் 200 நிறுவனங்கள் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. 2018 ஜூலையில் அவற்றின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஸ்வீடனின் நூலகக் கூட்டமைப்பும் அதே கோடையில் ஒப்பந்தத்தை நிறுத்தியது. 2019 பிப்ரவரியில் பத்து வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் விலகியது. ஆய்வு நின்றுபோகும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. ஆய்வு நிற்கவில்லை. ஸ்வீடன் 2019 நவம்பரிலும், கலிஃபோர்னியா 2021 மார்ச்சிலும், ஜெர்மனி 2023 செப்டம்பரிலும் எல்சவியருடன் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டன. தங்கள் ஆய்வாளர்கள் எழுதும் கட்டுரைகள் உலகில் எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளிவர வேண்டும் என்ற அவர்களின் முதன்மைக் கோரிக்கை மூன்றிலும் ஏற்கப்பட்டது. இவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்ததன் காரணம் துணிச்சல் மட்டுமல்ல. பழைய ஆண்டுகளின் நிரந்தர உரிமை கையில் இருந்தது. நூலகங்களுக்கிடையே கட்டுரையைக் கடனாகப் பெறும் ஏற்பாடு நன்றாக நடந்தது. 1991இல் தொடங்கிய ஆர்க்சைவ் போன்ற தளங்களிலும் பல்கலைக்கழகக் களஞ்சியங்களிலும் ஆசிரியர்கள் சேர்த்துவைத்த பிரதிகள் இருந்தன. எழுந்து வரும் வலிமை அங்கிருந்துதான் வந்தது.

இனி இந்தியாவுக்கு வருவோம். ஒன்றுசேர்ந்து வாங்குவதில் இந்தியாவுக்கு இருபது ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி-இன்ஃபோநெட், தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இன்டெஸ்ட், கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட் என்று தனித்தனிக் கூட்டமைப்புகள் இருந்தன. இவை மூன்றும் 2015இல் இ-ஷோத்சிந்துவாக இணைந்தன. வேளாண்மை, உயிரித் தொழில்நுட்பம் ஆகிய துறைகளுக்கு வேறு கூட்டமைப்புகள் இருந்தன. ஒரே பதிப்பகத்துக்கு ஒரே அரசின் பல கைகள் தனித்தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தன. இதை மாற்றத்தான் 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

இதை நல்ல திட்டம் என்றே சொல்வேன். ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாயை 1.8 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 1,100 ரூபாய் அளவில் வருகிறது. சிறு நகரத்து அரசுக் கலைக் கல்லூரியில் முதுகலை படிக்கும் மாணவிக்கும் ஐஐடி பேராசிரியருக்கும் ஒரே இதழ்கள் திறக்கின்றன என்பது சின்னச் செய்தியல்ல. ஆனால், திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. இந்தியக் கல்லூரிகளில் முக்கால் பங்குக்கு மேல் தனியார் கல்லூரிகள். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். அங்கே படிப்பவர்களும் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவர்களும் இந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இதற்கு முன் ஒரு பல்கலைக்கழகம் ஒரு பதிப்பகத்தைக் கைவிட்டால் பாதிப்பு அந்த வளாகத்தோடு முடிந்தது. இனி நாடே ஒரே ஒப்பந்தத்தில் இருக்கிறது. 13,000 இதழ்களுக்குப் பழகிய 1.8 கோடிப் பேரை 2028 ஜனவரியில் வெறுங்கையோடு அனுப்பும் துணிவு எந்த அரசுக்கும் வராது. அது பதிப்பகங்களுக்கும் தெரியும். பெரிய வாங்குபவர் என்பதால் முதல் முறை கிடைக்கும் தள்ளுபடி, விலக முடியாத வாங்குபவர் என்பதால் இரண்டாம் முறை கரைந்துபோகலாம்.

பதிப்பகங்களின் தரப்பு வாதத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் வரும் கட்டுரைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. தகுதியற்றவற்றை வடிகட்டுவது, மதிப்பீட்டாளர்களைத் தேடிப் பிடிப்பது, போலிப் படங்களையும் திருட்டையும் கண்டறிவது, தளத்தைப் பல்லாண்டுகள் பழுதின்றி நடத்துவது எல்லாம் செலவுதான் என்கிறார்கள். உண்மை. இலவசமாக எதுவும் வெளிவருவதில்லை. ஆனால், செலவு கூடியதால்தான் விலை கூடுகிறது என்றால் லாபம் சுருங்கியிருக்க வேண்டும்; 37 சதவீத லாபத்தை வைத்துக்கொண்டு செலவைக் காரணம் காட்டுவது எடுபடாது. தவிர, இதே வேலையை இணையத்தில் படிப்பவரிடம் பணம் வாங்காமல் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 1932இல் தொடங்கிய ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் இன்று இணையத்தில் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. பிரேசிலில் 1998இல் தொடங்கிய சைலோ தளம் லத்தீன் அமெரிக்க இதழ்களைப் பொது நிதியில் உலகுக்குத் திறந்துவைத்தது. உலகத் தரத்து இதழ்களுக்கு இவை மாற்றாகுமா என்று கேட்பார்கள். இன்று எல்லாத் துறையிலும் ஆகாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். அந்தத் தரம் தாளிலோ தளத்திலோ இல்லை, ஆசிரியர் குழுவில் இருக்கிறது. ‘நியூரோஇமேஜ்’ இதழின் ஆசிரியர் குழுவினர் 2023 ஏப்ரலில், கட்டுரைக் கட்டணம் மிக அதிகம் என்று கூறி எல்சவியரை விட்டு ஒட்டுமொத்தமாக விலகி, எம்ஐடி பதிப்பகத்தோடு புதிய இதழைத் தொடங்கினார்கள். இதழின் மதிப்பு அறிஞர்களின் பின்னால் போகும் என்பதற்கு இது நல்ல சான்று.

சந்தாவை ஒழித்துவிட்டு, எழுதுபவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, படிப்பவருக்கு இலவசமாகத் தரலாம் என்பது இன்னொரு தரப்பு. ஐரோப்பா பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. ஜெர்மனியும் கலிஃபோர்னியாவும் செய்துகொண்ட ஒப்பந்தங்களிலும் இந்தக் கட்டணம் உள்ளடங்கியிருக்கிறது. நமக்கு இது பொருந்தாது. ‘நேச்சர்’ இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை பெறும் ஓர் இளநிலை ஆய்வாளருக்கு இது ஏறத்தாழ இரண்டு ஆண்டுத் தொகை. படிக்கப் பணமில்லாதவர் என்ற நிலையிலிருந்து எழுதப் பணமில்லாதவர் என்ற நிலைக்கு நம் ஆய்வாளரைத் தள்ளுவதில் என்ன முன்னேற்றம்? பூட்டு ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

பதிப்பகங்களின் அனுமதியின்றிக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சய்-ஹப் தளம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் இளம் ஆய்வாளர்களும் உண்டு. அவர்கள் கேட்பது புரிகிறது. 2016இல் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்ட கணக்கின்படி, ஆறு மாதங்களில் இந்தியாவிலிருந்து மட்டும் 34 லட்சம் பதிவிறக்கக் கோரிக்கைகள் அங்கே போயிருந்தன. தாகம் எவ்வளவு என்பதை அந்த எண்ணே சொல்கிறது. ஆனால், நூலகம் அதன்மேல் சாய்ந்து நிற்க முடியாது. மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. நீதிமன்றத்தின் ஒரு வரியில் மூடிப்போகும் கிணற்றை நம்பி யாரும் பயிர் வைப்பதில்லை.

ஆகவே, சட்டப்படி நம்முடையதாக உள்ள பிரதிகளைச் சேர்ப்பதுதான் வழி. பதிப்பகம் பக்கம் அமைத்து வெளியிட்ட வடிவத்துக்கு அதனிடம் உரிமை இருக்கலாம். மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பல இதழ்கள் இன்றும் அனுமதிக்கின்றன. இது இந்தியாவுக்குப் புதிதல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே களஞ்சியம் தொடங்கிவிட்டது. சென்னையில் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் போன்றோரின் முயற்சியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் இதற்கான பயிலரங்குகளை நடத்தியது. மத்திய அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்று 2014 டிசம்பரில் கொள்கை வகுத்தன. கொள்கை இருக்கிறது, சேர்க்காதவர்களை யாரும் கேட்பதில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இதே நாட்டில் இதே இன்ஃப்லிப்நெட் ‘ஷோத்கங்கா’வை நடத்தி லட்சக்கணக்கான ஆய்வேடுகளைத் திறந்துவைத்திருக்கிறது. ஆய்வேட்டின் மின்பிரதியை ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் அதைக் கேட்டுவாங்க ஆளும் இருந்ததால் அது நடந்தது. கட்டுரைகளுக்கும் அதைச் செய்யலாம்: களஞ்சியத்தில் சேர்த்த கட்டுரை மட்டுமே பதவி உயர்வுக்கும் அடுத்த ஆய்வு நிதிக்கும் கணக்கில் வரும் என்று ஒரு விதி போதும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2025 ஜூலை முதல் தன் நிதியில் விளைந்த கட்டுரைகள் வெளியான அன்றே பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது. 6,000 கோடி ரூபாய்க்குச் சந்தா கட்டும் அரசு களஞ்சியத்துக்கு ஆளும் நிதியும் ஒதுக்கத் தயங்குவது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவதாகும்.

இதில் நூலகர்களின் பங்கு பெரிது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்தை வாசகரின் தேவையிலிருந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பார்வையோடு, எந்த இதழ் எத்தனை முறை திறக்கப்படுகிறது, ஒரு பதிவிறக்கத்துக்கு எவ்வளவு செலவாகிறது, அதே கட்டுரைக்கு இலவசப் பிரதி வேறெங்காவது இருக்கிறதா என்ற கணக்கைத் திட்டமிட்டு எடுத்தால், 13,000 இதழ்களில் நமக்கு உண்மையில் வேண்டியவை எவை என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கு இன்ஃப்லிப்நெட்டின் கோப்போடு நின்றுவிடாமல் பொதுவெளிக்கு வர வேண்டும். எந்தப் பதிப்பகத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம், நிரந்தர உரிமை கேட்டு வாங்கினோமா என்பதும் வெளிவர வேண்டும். வரிப்பணத்தில் செய்த ஒப்பந்தத்துக்கு ரகசியம் எதற்கு? துணைவேந்தர்களும் ஆசிரியர் சங்கங்களும் இதை இன்றே கேட்க வேண்டும். ஆய்வாளர்கள் தங்கள் கணினியில் உறங்கும் ஏற்கப்பட்ட பிரதிகளை இந்த வாரமே தங்கள் நூலகருக்கு அனுப்பலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு ஒதுக்கிய காலம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது.